ஒரு மோட்டார் மட்டும் சுட்டால்

எங்கள் ஊர் ஏரி மாசியில் வற்றிவிடும். நடுவில் காய்ந்து வெடித்த தரை, கரையோரம் சீமைக் கருவேலம், தூரத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர். அடுத்த மழை வரைக்கும் என் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் அங்கேதான் கழியும். ஐந்து அங்குல ப்ரொப்பெல்லர் போட்ட ட்ரோன் ஒன்று வைத்திருக்கிறேன். முழுதாக வாங்கியதல்ல, சட்டம், மோட்டார், போர்டு எல்லாம் தனித்தனியாக வாங்கி நானே கோத்தது. பேட்டரியோடு சேர்த்து எடை 650 கிராம் வரும்.

அது ஒரு முறை கருவேலக் கிளையில் மாட்டி விழுந்தது. பெரிய அடி இல்லை. முன்பக்க வலது மோட்டாருக்கு அடியில் போட்டிருந்த 2 மி.மீ. ரப்பர் காப்பு மட்டும் கிழிந்துவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மோட்டாரை அதே நான்கு ஸ்க்ரூக்களால் சட்டத்திலிருந்து நீண்டு மோட்டாரைத் தாங்கும் கையில் நேரடியாக முடுக்கினேன். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் என்னுடைய இரண்டு மாதத்தையும், மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி போர்டுகள் இரண்டையும் தின்றுவிட்டது. இதைப் படித்து யாருக்காவது ஒரு போர்டு மிஞ்சினால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் பறக்கவிட்டபோது பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. த்ராட்டிலைச் சட்டென்று ஏற்றும்போது மட்டும் முன் வலது மூலை ஒரு கணம் தொய்ந்து எழுந்தது. சத்தத்தில் லேசான கரகரப்பு. இறக்கியதும் நான்கு மோட்டாரையும் தொட்டுப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. அந்த ஒன்றில் மட்டும் இரண்டு விநாடிக்கு மேல் விரல் வைக்க முடியவில்லை.

மோட்டார் சுட்டால், ட்ரோனை நிலையாக வைக்கும் மென்பொருளின் பிஐடி அமைப்பில், அசைவை அடக்கும் டி மதிப்பு அதிகம் என்று படித்திருந்தேன். அதனால் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். டி-யைக் குறைத்தேன், அதிர்வை வடிகட்டும் ஃபில்டர்களை மாற்றினேன், போர்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றினேன். நான்கு ஞாயிறு இப்படியே போனது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரவாயில்லை போலத் தோன்றும், அடுத்த பேட்டரியில் பழையபடி கரகரக்கும்.

அப்போது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சூடு நாலிலும் இருக்கிறதா, ஒன்றிலா? டி மதிப்பு, ஃபில்டர், ப்ரொப்பெல்லர் அளவு, பேட்டரி வோல்ட்டேஜ் இவையெல்லாம் நான்கு மோட்டாருக்கும் பொது. அங்கே தவறு இருந்தால் நான்கும் சுடும். ஒன்று மட்டும் சுட்டால் மென்பொருளைத் தொடவே வேண்டாம். அந்தக் கையிலேயே ஏதோ இருக்கிறது: பேரிங், வளைந்த ஷாஃப்ட், காயில், பற்றவைப்பு, ஸ்க்ரூ, ஏதோ ஒன்று. இதை நான் நான்கு வாரம் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

ஐந்தாவது ஞாயிறு, முப்பதடி உயரத்தில் அந்த மூலை அப்படியே சரிந்தது. கீழே போய் எடுத்தபோது இஎஸ்சி போர்டிலிருந்து கருகிய வாடை. நான்கு மோட்டாருக்கும் ஒரே பலகையாக வரும் வகை அது. மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் சில்லுகள் ஒரு மோட்டாருக்கு ஆறு வீதம் 24 இருக்கும். அதில் ஒன்றின் முதுகில் கடுகு அளவு ஓட்டை விழுந்திருந்தது. போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குவோம் என்று ஏறத்தாழ 5,000 ரூபாய் கொடுத்து வரவழைத்தேன். எது போர்டைக் கொன்றது என்று கேட்காமலேயே பழைய மோட்டார்களை அதில் பற்றவைத்தேன். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மேசையில் வைத்து, ட்ரோனை அமைக்கும் பீட்டாஃப்ளைட் மென்பொருளில் இரண்டாம் எண் மோட்டாரின், அதாவது அந்த முன் வலது மோட்டாரின், ஸ்லைடரை மெல்ல ஏற்றினேன். பட்டென்று ஒரு சத்தம். இரண்டாவது போர்டும் போனது.

அன்று மாலை அந்த மோட்டாரைச் சட்டத்தின் கையோடு சேர்த்துக் கழற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள வைண்டிங் கடைக்குப் போனேன். போர்வெல் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை அது. எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாரை மூன்று முறை உயிர்ப்பித்தவர் அந்த அண்ணன்.

"அண்ணே, இது ட்ரோன் மோட்டார். ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "மூணு ஒயர் வருது. த்ரீ பேஸ்தானே தம்பி. எல்லாம் ஒரே குடும்பந்தான்."

பழக்கத்தில், வீட்டு மின்சாரத்தில் தொடராக இணைத்து ஷார்ட் பார்க்கும் சீரிஸ் பல்பை எடுத்தார். 230 வோல்ட் தாங்காது என்று தடுத்து, என் மல்டிமீட்டரை, இரு முனைக்கும் இடையில் மின்தொடர்பு இருந்தால் பீப் சத்தம் போடும் நிலைக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு முனையை மோட்டார் ஒயரிலும் இன்னொன்றை ஸ்க்ரூ தலையிலும் வைத்தார். பீப்.

"பாடி ஷார்ட்."

முதல் ஸ்க்ரூவைக் கழற்றினார். சத்தம் நிற்கவில்லை. எதிர் மூலையில் இருந்ததையும் கழற்றினார். நின்றது. மேல்மூடியை இழுத்து எடுத்து, மேசை விளக்குக்கு அடியில் வைத்துக் காட்டினார். எனாமல் பூசிய கம்பிகள் அடர்ந்த செம்பழுப்பில் வரிவரியாகச் சுற்றியிருந்தன. இரண்டு இடத்தில் மட்டும் அந்தப் பூச்சு உரிந்து, புதுக் காசு போலச் செம்பு மின்னியது. ஒவ்வொன்றும் குண்டூசித் தலையளவு.

"ஸ்க்ரூ உள்ள போயி காயில இடிச்சிருக்கு. ரெண்டு எடத்துலயும் தொட்டதால பேஸும் பேஸும் பாடி வழியா சேந்துடுச்சு. இதுல எந்த போர்ட மாட்டினாலும் போகும் தம்பி."

கணக்கு எளிது. சட்டத்தின் கை 5 மி.மீ., காப்பு 2 மி.மீ., மோட்டாரின் அடித்தட்டுக்குள் போக வேண்டியது 3 மி.மீ. ஆக 10 மி.மீ. ஸ்க்ரூ. காப்பை எடுத்ததும் அதே ஸ்க்ரூ 5 மி.மீ. உள்ளே போய்விட்டது. மாற்றியமைக்கிறேன் என்று ஒரு பொருளை எடுக்கும்போது, அதோடு ஒட்டியிருக்கும் அளவையும் மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஸ்க்ரூவின் நீளத்துக்குக் கையின் தடிமனோடு (காப்பு இருந்தால் அதையும் சேர்த்து) 3 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மாட்டி முடித்ததும், இஎஸ்சி-யில் பற்றவைக்கும் முன், ஏதாவது ஒரு மோட்டார் ஒயருக்கும் நான்கு ஸ்க்ரூக்களுக்கும் இடையில் பீப் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். மூன்று ஒயரும் உள்ளே இணைந்திருப்பதால் ஒரு ஒயரில் பார்த்தாலே போதும். அரை நிமிடம்கூட ஆகாது.

வார்னிஷ் தொட்டு வைத்தால் மோட்டார் பிழைக்குமா என்று கேட்டேன். "பிழைக்கும். ஆனா நம்பி வானத்துல விடாதே" என்றார். புது மோட்டார் வாங்கினேன்.

அவர் கடையில் இருந்த அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றது பல மாதம் படித்ததற்குச் சமம். மோட்டார் உறுமுகிறது, துடிக்கிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் என்ன என்று கேட்டேன். "ஒரு பேஸ் வரல" என்றார், யோசிக்கவே இல்லை. கிராமத்தில் மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டால் பம்பு மோட்டார் உறுமிக்கொண்டே நிற்குமே, அதே நோய். ட்ரோனில் இதன் பொருள், மூன்று ஒயரில் ஒன்றின் பற்றவைப்பு விட்டிருக்கிறது அல்லது அந்த முனைக்கான மாஸ்ஃபெட் வேலை செய்யவில்லை. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால்? மூன்றில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான். இப்போது அதையும் மென்பொருளிலேயே மாற்றிவிடலாம். பற்றவைத்ததைக் கழற்ற வேண்டியதில்லை.

மோட்டார் குற்றமா, போர்டு குற்றமா என்று பிரித்தறியும் வழியும் அங்கே பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெளிந்தது. பேட்டரி இல்லாத நேரத்தில் மோட்டாரை விரலால் சுற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் சேற்றில் மாட்டியது போல இறுகி நின்றால், அதன் ஒயர்களைப் போர்டிலிருந்து பிரித்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். இலகுவாகச் சுற்றினால் மோட்டார் நல்லது. போர்டில் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி, காயிலின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரேக் போடுகிறது. பிரித்த பிறகும் இறுக்கம் இருந்தால் மோட்டாருக்குள்தான் கோளாறு. இரண்டிலும் பிடிபடாவிட்டால், சந்தேகப்படும் மோட்டாரை நன்றாக ஓடும் கைக்கு மாற்றிப் பற்றவையுங்கள். ஆனால் ஸ்க்ரூ பீப் சோதனையை முடித்த பிறகுதான். கெட்ட மோட்டாரை நல்ல போர்டில் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு என் இரண்டாவது போர்டே சாட்சி.

சீரிஸ் பல்பு மனதில் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, கார் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை வாங்கி, பேட்டரியைச் செருகும் எக்ஸ்டி60 கனெக்டர்கள் இரண்டுக்கு நடுவில் பாசிட்டிவ் ஒயரில் தொடராக இணைத்தேன். பேட்டரிக்கும் (அப்போது 14.8 வோல்ட்) ட்ரோனுக்கும் இடையில் இதைச் செருகி விட்டால், எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், மின்னோட்டம் இரண்டு ஆம்பியரை ஒட்டியே நின்றுவிடும், போர்டு தப்பிக்கும். கோளாறு இல்லையென்றால் ஒரு கணம் மினுக்கி அடங்கும். ஸ்மோக் ஸ்டாப்பர் என்று தயாராகவும் கிடைக்கிறது. எதுவாக இருந்தாலும் சரி, எதையாவது புதிதாகப் பற்றவைத்த பிறகு இது இல்லாமல் பேட்டரி இணைப்பதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். மேசையில் மோட்டாரைக் குறைந்த வேகத்தில் சுற்றிப் பார்க்கவும் இது தாங்கும். வேகம் ஏற்றினால் வோல்ட்டேஜ் இறங்கி, ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் அணைந்துவிடும். அந்தச் சோதனையின்போது ப்ரொப்பெல்லர் இருக்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது போர்டுக்காக, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கே போய் வந்தேன். போர்டு வேறு இடத்தில்தான் கிடைத்தது, ஆனால் நல்ல ஈயக்கம்பியும் அது ஒட்ட உதவும் ஃப்ளக்ஸும் அங்கே வாங்கியது வீண்போகவில்லை. 63/37 என்று (வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு) போட்டிருக்கும் கம்பி 183 டிகிரியில் உருகி, அதே வெப்பத்தில் உடனே இறுகிவிடும். இடையில் கூழாக நிற்காது. போர்டில் பேட்டரி ஒயர் சேரும் பெரிய செம்புப் பட்டைகள்தான் பாடுபடுத்தும். அவை வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மெல்லிய முனை கொண்ட சால்டரிங் அயர்ன் அங்கே உதவாது. அகலமான முனை வேண்டும், 400 டிகிரி வைத்தேன். இன்னொன்று, சீலிங் ஃபேனுக்கு நேர் அடியில் உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருந்தேன். காற்று பட்டுப் பட்டை ஆறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஃபேனை நிறுத்தி, புகை போக ஜன்னலைத் திறந்து வைத்ததும் ஈயம் வழிந்து ஒயர் இழைகளுக்குள் ஏறியது. சாம்பல் நிறத்தில் மண் போல உருண்டு நின்றால் அது பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஃப்ளக்ஸ் தடவி மறுபடி சூடேற்றுங்கள்.

போர்டைத் திருப்பிப் பொருத்த வேண்டியிருந்ததால் மோட்டார் எண்கள் மாறிப்போயின. பீட்டாஃப்ளைட்டில் பின் வலது 1, முன் வலது 2, பின் இடது 3, முன் இடது 4. இந்த வரிசை தப்பினால் ஆர்ம் செய்து (மோட்டார்கள் சுற்ற அனுமதித்து) த்ராட்டிலைத் தொட்டதும் குப்புறக் கவிழும். எண்களையும் திசைகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே ஏரிக்குப் போனேன்.

எல்லாம் சரியாகி மூன்று வாரம் ஓடியிருக்கும். மறுபடியும் ஒரு மோட்டார் சுட்டது. இந்த முறை பின் இடது. கையால் சுற்றினால் உள்ளே மெல்லிய கீறல் சத்தம். மடிக்கணினியைத் திறக்கவில்லை. நேராக அடிப்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி மேல்மூடியை இழுத்தேன்.

சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை மணலில் இழுத்து இரும்புத்தூள் சேர்த்திருக்கிறோம் அல்லவா? காந்தத்தில் முள்முள்ளாகக் கறுப்பாக ஒட்டுமே, அதேதான். உள்சுவரில் 14 காந்தங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஏரி மண்ணின் கரும்பொடி மீசை முளைத்தது போல ஒட்டியிருந்தது. காந்தத்துக்கும் காயில் சுற்றிய இரும்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு மூன்று தாளின் தடிமன்தான். அதற்குள் இந்தப் பொடி உராய்ந்துகொண்டு சுற்றினால் எப்படிச் சுடாமல் இருக்கும்? வாயால் ஊதினால் இடம் மாறுமே தவிரப் போகாது. இன்சுலேஷன் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு தீக்குச்சியில் சுற்றி, ஒவ்வொரு காந்தமாக ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஒரு மோட்டாருக்கு இருபது நிமிடம் ஆனது. மூடியைக் கழற்றும்போது ஷாஃப்ட்டில் மெல்லிய வாஷர் ஒன்று இருக்கும், காகிதம் போல. அதைத் தொலைத்துவிட்டால் மூடி மேலும் கீழும் ஆடும். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்து வேலை செய்யுங்கள். காந்தங்கள் ஒவ்வொன்றையும் நகத்தால் லேசாகத் தள்ளிப் பார்ப்பதும் நல்லது. பசை விட்ட காந்தம் பறக்கும்போது நகர்ந்தால் மோட்டார் சட்டென்று நிற்கும். பேரிங்குக்கு ஒரு சொட்டு லேசான எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம்.

அன்றிலிருந்து ஏரியில் ஒரு பழைய தார்ப்பாய் விரித்து அதன் மேலிருந்துதான் ஏற்றி இறக்குகிறேன்.

காந்தங்களை எண்ணி வைத்ததும் உதவியது. இஎஸ்சி-யில் ப்ளூஜே என்ற ஃபர்ம்வேர் ஏற்றி, இஎஸ்சி பதில் அனுப்பவும் வழி தரும் இருவழி டி-ஷாட் முறையை இயக்கினால், ஒவ்வொரு மோட்டாரின் வேகமும் ஃப்ளைட் கன்ட்ரோலருக்குத் தெரியும். அந்த வேகத்தில் எழும் அதிர்வை மட்டும் குறிபார்த்து வடிகட்டலாம். அதற்குக் காந்த எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். பீட்டாஃப்ளைட்டில் முன்கூட்டியே 14 என்று இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி ட்ரோன்களின் மோட்டார்களில் 12 இருப்பது வழக்கம். அதை மாற்றாமல் விட்டால் ஃபில்டர் வேறெங்கோ வேலை செய்துகொண்டிருக்கும். மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பிடபிள்யூஎம் அதிர்வெண்ணை முதலில் 96 கிலோஹெர்ட்ஸ் வைத்தேன். சத்தம் மிருதுவாக இருந்தாலும் பிடிப்பு குறைந்தது போல இருந்தது. 48-க்கு இறங்கியதும் எனக்குப் பிடித்துவிட்டது.

பிறகு 4 செல்லிலிருந்து 6 செல் பேட்டரிக்கு மாறினேன். காரணம் சூடுதான். ஒரே 1,000 வாட் வேண்டுமென்றால் 14.8 வோல்ட்டில் 68 ஆம்பியர் இழுக்க வேண்டும், 22.2 வோல்ட்டில் 45 போதும். ஒயரிலும் மாஸ்ஃபெட்டிலும் எழும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அது பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் பழைய 2400 கேவி மோட்டாரை அப்படியே வைத்துக்கொண்டு மாறக் கூடாது. கேவி என்றால் சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. நிறைந்த 4 செல்லின் 16.8 வோல்ட்டில் அது நிமிடத்துக்கு 40,320 சுற்று. 6 செல்லின் 25.2 வோல்ட்டில் 60,480 ஆகிவிடும். ஐந்து அங்குல ப்ரொப்பெல்லரோடு மோட்டார் கருகும். நான் 1750 கேவி மோட்டார்கள் வாங்கினேன், 44,100 வருகிறது. வாங்க முடியாதவர்கள் பீட்டாஃப்ளைட்டில் மோட்டார் வெளியீட்டை 67 சதவீதத்துக்கு மட்டுப்படுத்திப் பறக்கலாம். இஎஸ்சி 6 செல் தாங்குமா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

பேட்டரி பட்டையில் ஒரு கேபாசிட்டரும் வேண்டும். மோட்டார் சட்டென்று வேகம் குறையும்போது மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். அந்த வோல்ட்டேஜ் துள்ளலைத் தாங்குவது இதுதான். 35 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட், உள் மின்தடை குறைந்த லோ இஎஸ்ஆர் வகை போட்டிருக்கிறேன். கால்கள் குட்டையாக இருக்க வேண்டும், உடலைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். தொங்கவிட்டால் அதிர்விலேயே கால் ஒடிந்துவிடும். பாசிட்டிவ் நெகட்டிவ் மாறினால் வெடிக்கும்.

இத்தனை பாகம் பாகமாக ஏன் என்று கேட்பவர்களுக்கு: 2022 பிப்ரவரியிலிருந்து முழு ட்ரோன்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது, பாகங்களுக்கு இல்லை. 250 கிராமைத் தாண்டினால் 2021 ட்ரோன் விதிகளின்படி அது மைக்ரோ வகை. பறக்கவிடும் இடம் முன் அனுமதி வேண்டாத பச்சை மண்டலமா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்த பிறகே நான் போகிறேன்.

6 செல் போட்டு முதன்முதலாகப் பறக்கவிட்ட அன்று வைண்டிங் கடை அண்ணனையும் கூப்பிட்டிருந்தேன். வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். நான்கு நிமிடம் பறந்தது. த்ராட்டிலை முழுதாக ஏற்றிப் பார்த்தேன். எந்த மூலையும் தொய்யவில்லை. தார்ப்பாயில் இறக்கி, பேட்டரியைப் பிடுங்கினேன். நான் குனிவதற்குள் அவர் உட்கார்ந்து நான்கு மோட்டாரையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். முன் வலதில் மட்டும் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார்.

"நாலும் ஒரே சூடு தம்பி. இன்னொரு பேட்டரி இருக்கா?"

இருந்தது. மாட்டினேன்.